இது பயமா, மேடம்?

ஓய்வு பெற்ற பிறகு பழைய ஆஸ்பத்திரிப் பக்கம் நான் அதிகம் போவதில்லை. கிழக்குத் தாம்பரத்திலிருந்து ஒரே பஸ்தான். இருந்தும் கால் எழுவதில்லை. போன மாதம் நிவேதா ஃபோன் செய்தாள். மனநலப் பிரிவில் சமூகப் பணியாளராக நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவள் அவள். “மேடம், புதுசா சேர்ந்திருக்கற பசங்ககிட்ட கொஞ்சம் பேசணும். உங்க அனுபவத்துல ஏதாவது சொல்லுங்க” என்றாள். சரி என்று போனேன்.

வாசலில் புதிதாக ஒரு டேப்லெட்டை மாட்டியிருந்தார்கள். ‘இன்று உங்கள் மனநிலை எப்படி இருக்கிறது?’ என்ற கேள்வி. கீழே, அழுகிற முகத்தில் தொடங்கிச் சிரிக்கிற முகம் வரை மஞ்சள் பொம்மைகள். வருகிறவர்கள் ஏதாவது ஒன்றைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். செக்யூரிட்டி சீருடையில் வந்த ஒருவர் எல்லா முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். பின்னால் நின்ற பெண் உச்சுக் கொட்டினாள். அவர் அவசரமாக நடுவிலிருந்த முகத்தைத் தொட்டுவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

“டாக்டருக்கு நேரம் மிச்சம் மேடம்” என்றாள் நிவேதா. அன்று பிள்ளைகளிடம் தேவராஜைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். பாதியில் நேரம் முடிந்துவிட்டது. முழுவதையும் இங்கே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சமூகப்பணியில் முதுகலை, ஒரு வருடப் பயிற்சி, பிறகு வேலை. நோயாளியோடும் வீட்டாரோடும் பேசி என்ன நடந்தது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது, தேவைப்பட்டால் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, டாக்டர் சொல்வதை அவர்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வது. பெரிய அதிர்ச்சியில் சிக்கியவர்கள் எப்படி இருப்பார்கள் என்று பாடத்தில் படித்திருந்தேன். கெட்ட கனவு வரும், சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடுவார்கள், அழுவார்கள். அப்படி வந்தவர்களை எனக்கு அடையாளம் தெரிந்தது. இப்படி எந்த அறிகுறியும் இல்லாமல் வந்தவர்களை அடையாளம் காட்டியவர் டாக்டர் வசந்தா.

எங்கள் பிரிவின் தலைவர் அவர். குள்ளமான உருவம், எப்போதும் காட்டன் புடவை, குரல் உயராது. அறைக்குள் வருகிறவர் முதலில் எங்கே பார்க்கிறார் என்று கவனிப்பார். நாற்காலியை நேருக்கு நேர் போடவிட மாட்டார். சற்றே சாய்வாக, நோயாளிக்கு ஜன்னலும் கதவும் தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். மேஜைமேல் டிஷ்யூ பெட்டி இருக்கக் கூடாது. “அதப் பார்த்தா இங்க அழணும் போலன்னு நினைப்பாங்க. அழ வைக்கறது நம்ம வேலை இல்ல” என்பார்.

கேஸ் ஷீட் எழுதுவதில்தான் அவரிடம் நாங்கள் அதிகம் திட்டு வாங்கினோம். ‘நோயாளி சோர்வான மனநிலையில் உள்ளார்’ என்று எழுதினால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். “அவர் என்ன வார்த்தை சொன்னாரு? மார்ல கல்லு வச்ச மாதிரி இருக்குன்னாரா? அதையே எழுது. சோர்வுங்கறது உன் வார்த்தை. அது எனக்கு வேணாம்.” இதில் அவர் ஒரு நாளும் விட்டுக்கொடுத்ததில்லை.

தேவராஜ் எங்களிடம் இதயப் பிரிவிலிருந்து வந்தார். பீர்க்கன்கரணையில் வீடு, மின்வாரியத்தில் லைன்மேன், ஐம்பதை நெருங்கும் வயது. மார்வலி என்று பலமுறை அட்மிட் ஆகியிருந்தார். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்து இதயம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். வலி மட்டும் போகவில்லை. கூட வந்த மனைவி சாந்தி, அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“மார்வலி கெடக்கட்டும் மேடம். அந்தாளு மனுஷனாவே இல்ல” என்றார்.

“குடிக்கறாரா?”

“அய்யோ, தொட மாட்டாரு. அதுவாச்சும் பரவால்லன்னு தோணுது. அவங்க அம்மா செத்துப் போச்சு மேடம். தெருவே அழுவுது. இவரு ஷாமியானாக்காரனாண்ட நின்னுகினு நாற்காலி எங்க போடறதுன்னு சொல்லிகினு கீறாரு. பொண்ணு பொத்தேரில காலேஜ்ல ஃபர்ஸ்ட் வந்துச்சு. ஓடியாந்து சொல்லுது. ‘சரி’ன்னாரு. அவ்ளோதான். அன்னிலேர்ந்து அது அப்பாவாண்ட பேசறதில்ல.”

எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டேன். “சேகரு செத்ததுலேர்ந்து” என்றார்.

சேகர் தேவராஜோடு பல வருடம் ஒரே கேங்கில் வேலை பார்த்தவன், அவரைவிட இளையவன். எங்கள் பக்கத்தையெல்லாம் கலைத்துப் போட்ட ஒரு புயலுக்குப் பிறகு, பல நாட்களாகக் கரண்ட் இல்லாத நேரத்தில் அது நடந்திருந்தது. டாக்டர் அறையில் தேவராஜ் அதைச் சொன்னபோது நானும் இருந்தேன். ஆபீஸில் ரிப்போர்ட் கொடுக்கிறவர் போலச் சொன்னார்.

“லைன ஆஃப் பண்ணிட்டுத்தான் வேல செஞ்சோம். வேல முடிஞ்சுதுன்னு, சேஃப்டிக்கு மாட்டியிருந்த எர்த் ஒயரக் கயட்டிட்டோம். அப்பால பாத்தா ஒரு கம்பி லூசா தொங்குது. சேகரு, ‘இத மட்டும் இறுக்கிட்டு வந்துர்றேண்ணா’ன்னான். சரின்னேன். ஏறினான். அந்த நேரம் பாத்து எதோ அபார்ட்மென்ட்ல ஜெனரேட்டர் போட்டுட்டாங்கோ. ஒயரிங் தப்பு. அந்தக் கரண்ட்டு திரும்பி லைனுக்கு வந்துருச்சு. அவன் செத்துட்டான். பாடிய எறக்கினோம்.”

முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. “அந்த நேரத்துல உங்களுக்கு எப்படி இருந்தது?” என்று கேட்டேன்.

“இன்னா இருக்கும் மேடம்? ஒண்ணும் இல்ல.”

டாக்டர் வசந்தா அவருடைய கையைப் பார்த்தார். பிறகு, “அப்ப உங்க கை என்ன பண்ணிட்டிருந்தது?” என்று கேட்டார்.

“சாமான் ஏத்தற கயிறு புடிச்சுகினு இருந்துச்சு.”

“இப்ப?”

தேவராஜ் குனிந்து பார்த்தார். வலது கை பேன்ட் துணியைக் கொத்தாகப் பிடித்து இறுக்கியிருந்தது. விரல்கள் வெளுத்துப் போயிருந்தன. “புடிச்சுகினுதான் கீது” என்றார். யாரோ ஒருவரின் கையைப் பார்ப்பது போலத்தான் அதைப் பார்த்தார்.

அவர் போன பிறகு டாக்டர் எனக்கு விளக்கினார். தாங்க முடியாத ஒன்றைப் பார்த்த சிலருக்கு உணர்ச்சி செத்துப் போவதில்லை. உடம்பில் எல்லாம் நடக்கிறது. நெஞ்சு அடித்துக்கொள்கிறது, வயிறு இறுகுகிறது, கை வேர்க்கிறது. ஆனால் அது பயமா, துக்கமா, கோபமா என்று அவர்களுக்குப் பிரித்துச் சொல்லத் தெரிவதில்லை. எல்லாமே வலியாகத்தான் தெரிகிறது. உடனே ஒரு டாக்டரிடம் ஓடுகிறார்கள். “வீட்ல இருக்கறவங்க கல்நெஞ்சுன்னு நினைப்பாங்க. இவருக்கே தன்னப் பத்தி அந்த சந்தேகம் இருக்கும். மன அழுத்தம்னு சொல்லி மாத்திரையக் குடுத்து அனுப்பிடாத” என்றார்.

வேலை செய்யும் இடத்தில் அவர் எப்படி என்று கேட்க, செக்‌ஷன் ஆபீஸுக்கு ஃபோன் செய்தேன். எடுத்த இன்ஜினியர் அவரை வாயாரப் புகழ்ந்தார். “அந்த சம்பவத்துக்கு அப்புறம் மத்தவங்கல்லாம் போஸ்ட்ல ஏறவே தயங்கறாங்க மேடம். தேவராஜ் மட்டும் அசரவே மாட்டாரு. சேஃப்டி பெல்ட் மாட்டாமக்கூட ஏறிடறாரு. அவ்ளோ தைரியம்.”

இதைச் சொன்னதும் டாக்டர் வசந்தா எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

“தைரியசாலிக்குப் பயம் வரும், அதோடதான் ஏறுவான். இவருக்குப் பயம் வர்றதே தெரியல. மழைல நனைஞ்ச போஸ்ட்லயும் இப்படித்தான் ஏறுவாரு. இன்னைக்கே பேசணும்.”

அவரே அந்த அலுவலகத்துக்குப் பேசினார், கடிதமும் கொடுத்தார். தேவராஜைக் கம்பத்திலிருந்து இறக்கிப் புகார் எடுக்கும் பிரிவில் உட்கார வைத்தார்கள். கேங்கில் சிலர், சேகர் சாவில் அவருடைய தப்பு ஏதோ இருக்கிறது, அதனால்தான் இறக்கிவிட்டார்கள் என்று பேசினார்களாம். விசாரணையில் ஜெனரேட்டர்தான் காரணம் என்று முடிவாகியிருந்தது. அதைச் சொல்லித் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட அவர் வாயைத் திறக்கவில்லை. சேகரின் மனைவி செல்வி அவர் வீட்டு வாசலிலேயே வந்து நின்று, “கூடவே இருந்தியே, ஒரு சொட்டுக் கண்ணீர் வுட்டியா?” என்று கத்தியிருக்கிறாள். அவர் அவளைப் பார்த்தபடி நின்றிருக்கிறார். “அதுக்கு இன்னா சொல்லணும் மேடம்?” என்று என்னிடம் கேட்டார். கிண்டல் இல்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்த வைத்தியம், வெளியிலிருந்து பார்ப்பவருக்கு வைத்தியமாகவே தெரிந்திருக்காது. மாத்திரை கொஞ்சம் இருந்தது. மற்றபடி ஒவ்வொரு முறையும் அதே கேள்விகள். இந்த வாரம் உடம்பில் எங்கே தெரிந்தது? சூடா, குளிரா? இறுக்கமா, நடுக்கமா? அதற்குக் கொஞ்சம் முன்னால் என்ன நடந்தது, யார் இருந்தார்கள், என்ன சத்தம் கேட்டது? மனசு என்ற வார்த்தையை டாக்டர் பேச்சில் எடுக்கவே மாட்டார். தேவராஜ் முதலில் எல்லாவற்றுக்கும் காரணம் சாப்பாடு என்றார். பரோட்டா ஒத்துக்கவில்லை, கடலை எண்ணெய் ஒத்துக்கவில்லை. டாக்டர் மறுக்காமல் கேட்டுக்கொள்வார். பல வாரம் இப்படியே போனது. எனக்கு நம்பிக்கை விட்டுப்போனது.

முடிச்சை அவிழ்த்தவள் அவருடைய மகள் கவிதா. அப்பாவோடு பேசாமலே இருந்தவள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாள் அவரை அழைத்துக்கொண்டு வந்தாள். வெளியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், “மேடம், எங்க ஏரியால கரண்ட் போறப்பதான் அப்பாவுக்கு வலி வருது. நான் கவனிச்சிருக்கேன்” என்றாள். கரண்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டேன். “பக்கத்துல அபார்ட்மென்ட் இருக்கு. ஜெனரேட்டர் போடுவாங்க.”

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பேசாமல் இருந்த நாட்களில்கூட அவள் அவரைக் கவனித்தபடிதான் இருந்திருக்கிறாள்.

டாக்டர் அவளை உள்ளே கூப்பிட்டு, அதையே அப்பாவிடம் சொல்லச் சொன்னார். சொன்னாள். தேவராஜ் தரையைப் பார்த்தார். நெற்றி வேர்த்தது. கை தானாக மார்புக்குப் போனது.

“வருது” என்றார்.

“வரட்டும். எப்படி வருது, சொல்லுங்க.”

“உள்ள தடதடன்னு கீது. வாய் காயுது. கால்ல பலம் இல்ல. எந்திரிச்சு ஓடிர்லாம்னு…” நிறுத்தினார். பிறகு டாக்டரைப் பார்த்து, “இது பயமா, மேடம்?” என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் என்னைப் பார்க்காமலே கையை லேசாக உயர்த்தித் தடுத்தார். “இதுக்கு முன்னாடி எப்பவாவது இப்படி இருந்திருக்கா?”

“சின்ன வயசுல ஏரிக்கரைல நாய் தொரத்துச்சு. அப்ப இப்டித்தான் இருந்துச்சு.”

“அத என்னன்னு சொன்னீங்க?”

“எங்கம்மாவாண்ட ஓடிப்போய், பயந்துட்டேன்னேன்.” அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. அம்மா என்ற சொல்லிலா, பயம் என்ற சொல்லிலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கவிதா நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

இதோடு கதையை முடித்துவிடலாம் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதற்குப் பிறகு அவர் நிலைமை மோசமானது. மார்வலி குறைந்தது. தூக்கம் போனது. சாப்பிடும்போது பாதியில் எழுந்து போய் வாசலில் நிற்பார். அம்மாவின் சாவுக்கு அப்போதுதான் அழுதார். “முன்னயே தேவலாம் மேடம், கல்லு மாதிரி இருந்தாலும் வேளைக்குச் சோறு துன்னாரு” என்றார் சாந்தி.

ஒரு நாள் தேவராஜ், செல்வியைப் பார்க்க வேண்டும் என்றார். தனியாகப் போக முடியவில்லை, கூட வர முடியுமா என்று கேட்டார். செல்வி அப்போது பள்ளிக்கரணையில் தன் தம்பி வீட்டோடு இருந்தாள். டாக்டர் யோசித்தார். அவளிடம் முன்கூட்டியே கேட்டு, அவள் சம்மதித்தால் மட்டும் போகச் சொன்னார். கேட்டேன். “வரட்டும்” என்றாள்.

சதுப்புநிலத்தை ஒட்டிய தெரு. செல்வி வேலைக்குப் புறப்படத் தயாராக, ஒரு ஐடி கம்பெனியின் ஹவுஸ்கீப்பிங் சீருடையில் இருந்தாள். உட்காரச் சொன்னாள். தேவராஜ் உட்காரவில்லை.

“ஷாக் அடிச்சதும் அவன் உடனே சாவலம்மா” என்றார். “பெல்ட்டுல தொங்கினு இருந்தான். எந்த பில்டிங்கு ஜெனரேட்டருன்னு தேடிகினு பசங்கல்லாம் ஓடிட்டாங்கோ. நான் ஒருத்தன்தான் கீய நின்னுகினு இருந்தேன். லைன்ல கரண்ட்டு கீது, ஏறக்கூடாது. ஏறினா நானும் பூடுவேன். அவன் கூப்ட்டான். ‘தேவாண்ணா, தேவாண்ணா’ன்னு கூப்ட்டான். நான் பதிலே குடுக்கல. கயித்தப் புடிச்சுகினு நின்னேன். எனுக்கு பயமா இருந்துச்சும்மா.”

இதை அவர் எங்களிடம்கூடச் சொன்னதில்லை.

“டக்குனு உயிர் பூட்ச்சு, வலியே தெரிஞ்சிருக்காதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்களே” என்றாள் செல்வி. குரல் மெதுவாகத்தான் வந்தது. “அத நெனச்சுகினுதாண்ணா இத்தினி நாளா தூங்கறேன்.” பிறகு எழுந்து பையை எடுத்துக்கொண்டாள். “நீங்க கெளம்புங்க. இனிமே வராதீங்க.”

திரும்பி வந்து டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். நாம் செய்தது சரிதானா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி இருந்தார். “மரத்துப்போன கை சரியாகறப்ப முதல்ல வலிதான் வரும். அத நான் அவருக்குச் சொன்னேன். அந்தப் பொண்ணுக்குச் சொல்லல. சொல்றதுக்கு அவ என் பேஷன்ட்டும் இல்ல” என்றார். அன்று அவர் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டார்.

மாதங்கள் போயின. டாக்டர் வசந்தா ஓய்வு பெற்றார். தேவராஜ் மாத்திரைக்காக மட்டும் வந்துபோனார். ஒரு முற்பகலில் செல்வி என் அறை வாசலில் வந்து நின்றாள். உடம்பு பாதியாகியிருந்தது.

“தேவாண்ணனாண்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வூட்டுக்குப் போவ மனசு வரல. நீங்க இருக்கற எடம்னா பரவால்ல” என்றாள்.

அடுத்த முறை அவர் மருந்து வாங்க வருகிற நாளில் வரச் சொன்னேன். இருவரையும் டாக்டரின் பழைய அறையில் உட்கார வைத்தேன். நாற்காலிகளைச் சாய்வாகவே போட்டேன். வெளியே போகட்டுமா என்று கேட்டதற்கு, செல்வி இருக்கச் சொன்னாள்.

“அவரு கூப்ட்டாருன்னு சொன்னீங்களே. எப்டிக் கூப்ட்டாரு? வலில கத்தினாரா? உங்க மேல கோவமா? அத மட்டும் சொல்லுங்கண்ணா. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு மாதிரி எனுக்கு காதுல கேக்குது.”

தேவராஜ் கண்ணை மூடிக்கொண்டார். நான் தடுத்திருக்கலாம். கேட்கக் கூடாததைக் கேட்கிறாள் என்று எனக்குப் பட்டது. அவர் மூச்சு வேகமாகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

“அன்னிக்கு எனுக்குத் தெரியலம்மா. வெறும் சத்தமாத்தான் கேட்டுச்சு, வேற ஒண்ணும் தெரியல. இப்ப தெரியுது. கோவம் இல்ல. வலிகூட இல்ல. பயந்துகினு இருந்தான். யாராச்சும் கிட்ட வந்தாப் போதும்னு கூப்ட்டான்.”

செல்வி அழுதாள், சத்தமில்லாமல். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் தலையாட்டினாள்.

“அவருக்கு ஒசரம்னாலே பயம்ணா. வேலைக்கு சேந்த நாள்லேர்ந்தே. யாராண்டயும் சொல்லிராதன்னு என்னாண்ட சத்தியம் வாங்கினாரு.”

தேவராஜ் அவளைப் பார்த்தார். “பக்கத்துலயே இருந்தேன்” என்றார். “எனுக்குத் தெரியவே தெரியாது.”

“எனுக்கு மட்டுந்தான் தெரியும்” என்றாள் செல்வி.

கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று என்னிடம் சொல்லிக்கொண்டு போனாள். தேவராஜ் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த நோயாளியை நான் வேறு அறைக்கு அனுப்பினேன்.